மண்ணில்லாப் பயிரும் வேர்ப்படுக்கையும்

மண்ணின்றிப் பயிர் செய்யும் முறையைப் பற்றி இந்நாளில் பேசாத ஆசிரியர் இல்லை. ஹைட்ரோபோனிக்ஸ் என்று மேனாட்டார் வழங்கும் இம்முறையில், பயிருக்கு வேண்டிய உப்புக்களை நீரில் கரைத்து வேருக்கு ஊட்டுகின்றனர். எந்த உப்பு, எவ்வளவு என்பதைப் பற்றிய நூல்கள் மலிந்துள்ளன. அக்கரைசல் பாயும் இடத்தில் செடி எதைப் பற்றி நிற்கிறது, அதன் வேர் எதனுள் ஓடுகிறது என்னும் வினாவோ அத்துணைக் கவனம் பெறவில்லை. மணலா, சரளையா, கரியா, தேங்காய் நார்த்தூளா என்று கேட்டால், எதுவாயினும் ஆகுக, செடி சாயாமல் நின்றால் போதும் என்று விடை கூறுவோர் பலர். அவ்விடை பொருந்தாது என்பதை மண்ணில்லாப் பயிரின் வரலாறே எடுத்துக் காட்டும். கரைசலை அறிஞர் 1860-களிலேயே கண்டுவிட்டனர். அதன் பின்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அம்முறை ஆய்வுக்கூடத்தை விட்டு வயலுக்கு வர இயலவில்லை. வேர் மூச்சு விடுதற்கேற்ற படுக்கையை அதுவரை எவரும் காணாமையே அதற்குப் பெருங்காரணம் என்பது என் கருத்து.

செடி ஊன்றி நிற்கும் மண்ணல்லாத பொருளை இக்கட்டுரையில் வேர்ப்படுக்கை என்று குறிப்போம். வளர் ஊடகம் என்றும் சிலர் எழுதுகின்றனர். ஊடகம் என்றவுடன் செய்தித்தாளும் வானொலியும் நினைவுக்கு வருதலால் படுக்கை என்பதே எனக்கு உவப்பாயிற்று.

இவ்வரலாற்றை எழுதப் புகுவோர் பாபிலோனின் தொங்கு தோட்டத்திலும், மெக்சிகோவின் சினாம்பா என்னும் ஏரித் தோட்டங்களிலும் தொடங்குவது வழக்கம். இவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. பாபிலோனின் தோட்டம் இருந்த இடமே இன்றுவரை அகழ்வாராய்ச்சியால் உறுதிப்படவில்லை. சினாம்பா என்பதோ ஏரிச் சேற்றையும் நீர்ப்பூண்டுகளையும் அடுக்கடுக்காக இட்டு உயர்த்திய மேடை. சேறும் மண்தானே! மியன்மாரின் இன்லே ஏரியில் மிதக்கும் பாத்திகளில் தக்காளி பயிரிடுவோரும் பூண்டின்மீது ஏரிச் சேற்றை வாரியிட்டே நடுகின்றனர். அவர்தம் உழைப்பும் நுட்பமும் போற்றற்குரியனவே. ஆயினும் மண்ணை விலக்கிப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கில்லை.

அவ்வெண்ணம் முளைத்தது 17-ஆம் நூற்றாண்டில். பிரசல்ஸ் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மோண்ட் என்னும் மருத்துவர் செய்த சோதனையை நம் ஆசிரியர்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்திருப்பர். உலர்த்திய மண் 200 ராத்தலை ஒரு தொட்டியில் இட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டு, 5 ஆண்டுகள் நீரன்றி வேறெதுவும் இடாது வளர்த்தார். முடிவில் மரம் 169 ராத்தலும் சுமார் 3 அவுன்சும் இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்தது சுமார் 2 அவுன்சு மட்டுமே. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் 1644-இல் மறைந்தபின், 1648-இல் மகன் வெளியிட்ட நூலில் இச்செய்தி காணப்படுகிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு மரத்தின் உடலாகிறது என்பது அவர் காலத்தில் தெரியாதது. அந்த இரண்டு அவுன்சை அவர் பொருட்படுத்தாது விட்டதுதான் வியப்பு. பின்னாளில் தாவர உணவு நூல் முழுவதும் அந்த இரண்டு அவுன்சிலிருந்தே எழுந்தது.

இங்கிலாந்தில் ஜான் உட்வர்டு என்பார் புதினா இனச் செடியைப் பலவகை நீரில் வளர்த்துப் பார்த்து 1699-இல் எழுதினார். மழைநீரில் குறைவாகவும், தேம்ஸ் ஆற்று நீரில் அதனினும் கூடுதலாகவும், தோட்ட மண் கலக்கிய நீரில் மிகுதியாகவும் செடி வளர்ந்தது. நீர் மட்டும் உணவன்று, நீரில் கலந்து வரும் ஏதோ ஒன்றே செடியை வளர்க்கிறது என்பது தெளிவாயிற்று. அந்த ஏதோ ஒன்று யாது என்று அறிய மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

வேர்ப்படுக்கையைத் தேர்ந்தெடுத்தல் என்னும் செயலை முறையாகச் செய்தவருள் முன்னோடி பிரெஞ்சு நாட்டு அறிஞர் பூசிங்கோ என்று கூறலாம். 1830-களில் தொடங்கிய தம் சோதனைகளில், செடி பெறும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்துக் கணக்கிட அவர் விரும்பினார். மண்ணில் நட்டால் கணக்குத் தவறும். மண் தன்பால் உள்ளதைச் செடிக்குக் கொடுக்கும். நாம் இட்டதைத் தானே எடுத்தும் கொள்ளும். ஆகவே தீயில் வறுத்த மணல், படிகக்கல் தூள், கரி ஆகிய எதுவும் கொடாத படுக்கைகளை நாடினார். இக்காலப் பயிர்த்தொழிலாளர் சரளையையும் மணலையும் விரும்புதற்குக் காரணமும் இதுவே: கொடாத பொருளைக் கொண்டால் கொடுப்பது முழுவதும் நம் கையில் இருக்கும்.

பின்னர் செர்மானிய அறிஞர் சாக்ஸ் 1860-இல் மணலையும் நீக்கிவிட்டார். கண்ணாடிக் குடுவையில் கரைசலை நிரப்பி, அடைப்பானின் துளையில் செடியைச் செருகி, வேரை நேரே நீரில் தொங்கவிட்டார். அவர் காலத்தவரான க்னோப் அமைத்த கரைசல் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணம், மக்னீசியம், கந்தகம், இரும்பு எனச் செடிக்கு வேண்டியவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஆய்வாளருக்கு இனிப் படுக்கையே வேண்டாததாயிற்று. குடுவை சிறிது, செடி ஒன்று. கரைசலை அடிக்கடி மாற்றவும், குழாய்வழிக் காற்றைச் செலுத்தவும் ஆய்வாளர் அருகில் இருக்கிறார். ஒரு காணி நிலத்தில் இது நடக்குமா?

நம் தொடக்கப் பள்ளிகளில் பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைக்கும் பாடத்தை இங்கு நினைத்துக்கொள்வது பொருந்தும். பஞ்சும் ஒரு வேர்ப்படுக்கையே. மூன்றாம் நாள் முளை விடும், ஒரு கிழமையில் இரண்டு இலை விரியும், பிள்ளைகள் ஆரவாரிப்பர். அதன்பின் செடி வெளுத்துச் சாயும். விதையிலிருந்த உணவு தீர்ந்தது என்று ஆசிரியர் கூறுவார். அது மெய். ஆயின் அதே வகுப்பில் சில குவளைகளில் முளையே தோன்றாமல் பயறு அழுகி நாறுவதைக் காணலாம். அவை பெரும்பாலும் பிள்ளைகள் அன்பு மிகுதியால் நீரை நிரம்ப ஊற்றிய குவளைகளாகவே இருக்கும். பஞ்சின் இழைகளுக்கிடையே காற்று நின்ற இடமெல்லாம் நீர் புகுந்துவிட்டது, முளைக்கு மூச்சில்லை. முதற்பாடத்தை நாம் எல்லாரும் கற்பிக்கிறோம். இரண்டாவது பாடம் குவளையோடு குப்பையில் போய்விடுகிறது. மண்ணில்லாப் பயிரின் வரலாற்றில் பெரியவர்களும் இதே குவளையைத்தான் மீண்டும் மீண்டும் எதிர்கொண்டனர்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய வில்லியம் கெரிக் என்பார், ஆய்வுக்கூட முறையை வாணிகப் பயிராக்கலாம் என்று 1929-இல் எழுதினார். அவர் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி உயர்ந்தன. ஏணியில் ஏறிக் காய் பறிக்கும் படங்கள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் பெயரை அவர் 1937-இல் வெளியிட்டார். நீர், உழைப்பு என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் புணர்ப்பு அது. கெரிக் அமைத்த தொட்டியின் மேல் ஒரு கம்பிவலை, வலையின்மேல் சில அங்குல உயரத்துக்கு வைக்கோல், மரச்சீவல் முதலியன, அதில் செடி. வேர் வலைக்கண் வழியே கீழிறங்கிக் கரைசலைத் தொடும். கரைசலின் மேற்பரப்புக்கும் வலைக்கும் இடையே ஓர் இடைவெளி விடப்படும். அவ்விடைவெளியே இவ்வமைப்பின் உயிர். வேரின் ஒரு பகுதி ஈரக்காற்றில், மறுபகுதி நீரில். இந்த இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும், செடி வளர வளர அதை எவ்வாறு கூட்ட வேண்டும் என்பது கைப்பழக்கத்தால் அறிய வேண்டியது. நூலைப் படித்துத் தொட்டி கட்டியவர்கள் கரைசலை நிரப்பி வேரை மூழ்கடித்தால் பயிர் வாடியது.

நீரினுள் காற்று எவ்வளவு இருக்கிறது என்பதை எண்களில் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். நாம் மூச்சுவிடும் காற்று ஒரு லிட்டரில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் உயிர்வளி உண்டு. 20 பாகை வெப்பமுள்ள நீர் ஒரு லிட்டரில் கரைந்து நிற்கக்கூடிய உயிர்வளி ஏறத்தாழ 9 மில்லிகிராமே. நீர் 30 பாகைக்கு ஏறினால் அது ஏறத்தாழ 7½ மில்லிகிராமாகக் குறையும். குறைவது ஒரு புறம் இருக்க, வெப்பம் ஏற ஏற வேரின் மூச்சு விரைவதால் தேவை கூடுகிறது. இருப்புக் குறையத் தேவை வளரும் இந்நிலை நம் நாட்டின் அன்றாட நிலை. நம் கொட்டகையில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொட்டி நீரில் கைவைத்துப் பார்த்தோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. குளிர்நாட்டு நூல்களை வைத்துக்கொண்டு நாம் வேர்ப்படுக்கை தேர்ந்தெடுப்பதில் உள்ள இடர் இதுவே.

கெரிக் எழுப்பிய ஆரவாரத்தால் பல்கலைக்கழகத்திற்குக் கேள்விகள் குவிந்தன. டென்னிஸ் ஹோக்லாந்து, டேனியல் ஆர்னன் ஆகிய இருவரும் 1938-இல் ஒரு சிற்றேடு வெளியிட்டனர். நல்ல மண்ணில் கிடைக்கும் விளைச்சலினும் நீர்முறையில் பெருவிளைச்சல் கிடைக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று அவர்கள் தெளிவாக எழுதினர். மண்ணில்லா முறையின் கரைசலுக்கு இன்றும் ஹோக்லாந்தின் பெயரே வழங்குகிறது. அக்கரைசலை அளித்தவரே அதன் மிகைப்புகழையும் மறுத்தார் என்பதை விற்பனை விளம்பரங்கள் சொல்வதில்லை.

வயலுக்கேற்ற விடை சரளையின் வடிவில் வந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வித்ரோ, பீபெல் ஆகியோர் 1936-இல் விளக்கிய முறை எளிது. நீர் கசியாத தொட்டியில் சரளையை நிரப்புக. அடியிலிருந்து கரைசலைப் பொறியால் ஏற்றுக. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தி வடியவிடுக. நாளொன்றுக்குச் சில முறை இவ்வாறு செய்க. நீர் ஏறும்போது கற்களுக்கிடையே உள்ள பழங்காற்று வெளியே தள்ளப்படும். இறங்கும்போது புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். நெஞ்சு விரிந்து சுருங்குவது போலப் படுக்கையே மூச்சு விடுகிறது. கற்களின் மேல் படிந்த ஈரம் அடுத்த பாய்ச்சல் வரையில் வேருக்குப் போதும்.

இம்முறை பரவியபின்தான் எந்தக் கல் என்னும் வினா எழுந்தது. சுண்ணாம்புக் கல்லும் பவளக் கல்லும் கரைசலின் புளிப்பை மாற்றிவிடும். அதனால் இரும்பும் மணிச்சத்தும் கரையாத வடிவில் படிந்து போகும். கரைசலில் இரும்பு இட்டிருந்தும் இலை மஞ்சளாகும். எதுவும் கொடாத படுக்கை என்று பூசிங்கோ நாடியதன் அருமை இவ்விடத்தில் மீண்டும் விளங்கிற்று. கல்லின் அளவும் பொருட்டாயிற்று. மிகப் பெரிதானால் ஈரம் நில்லாது. மிக நுண்ணிதானால் நீர் வடியாது. நுண்மணல் நிரம்பிய தொட்டியின் அடியில் நீர் தங்கிக் காற்றை விலக்கிவிடும்.

போர்க்காலம் இம்முறையைக் கடல் கடந்து கொண்டு சென்றது. அதற்குச் சற்று முன்பே, 1938 அளவில், பசிபிக் கடலில் வேக் என்னும் பவளத்தீவில் பான் அமெரிக்கன் விமான நிறுவனம் தன் பயணிகளுக்குக் காய்கறி விளைவிக்கக் கெரிக்கின் மாணாக்கர் ஒருவரை அனுப்பியிருந்தது. அங்கு மண் இல்லை, அதுவே காரணம். 1945-இல் அமெரிக்க விமானப்படை தென் அட்லாண்டிக் கடலிலுள்ள அசென்சன் தீவில் எரிமலைச் சரளைப் படுக்கைகளை அமைத்தது. அவ்வாண்டிலேயே ஐவோ ஜீமாவிலும் அமைத்தது. போர் முடிந்தபின் 1946-இல் தோக்கியோவை அடுத்த சோஃபு என்னுமிடத்தில் 22 எக்டர் பரப்பில் பெரியதொரு சரளைத் தோட்டம் எழுந்தது. சப்பானில் மண்ணுக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். அங்கு வயல்களுக்கு மனிதக் கழிவை எருவாக இடும் வழக்கம் அந்நாளில் இருந்ததால், பச்சையாக உண்ணும் இலைகளை அவ்வயல்களிலிருந்து வாங்கப் படைத்துறையினர் அஞ்சினர். எங்கும் கப்பலில் கல் ஏற்றி வரவில்லை என்பதைக் கருதுக. அசென்சனில் எரிமலைக் கல் காலடியில் கிடந்தது, அதுவே படுக்கையாயிற்று. வேர்ப்படுக்கை கனமானது, மலிவானது. தொலைவிலிருந்து கொணர்ந்தால் அதன் விலை கூலியில் போய்விடும்.

இதே கருத்தை வறியவர்க்குப் பயன்படும் வகையில் செய்து காட்டியவர் சோல்ட்டோ டக்ளஸ். வங்காளத்தின் டார்ஜீலிங் மாவட்டத்தில் காலிம்போங் ஊரில் 1946 முதல் அவர் நடத்திய சோதனைகள் வங்க முறை என்று பெயர் பெற்றன. 1951-இல் அப்பெயரிலேயே நூலும் வெளிவந்தது. பொறி இல்லை, குழாய் இல்லை. உடைத்த சிறு கல்லையும் மணலையும் கலந்த படுக்கை. அதன் மேல் உப்புக்கலவையை உலர்ந்தபடியே தூவி நீர் தெளிப்பது. கல் காற்றைத் தரும், மணல் ஈரத்தைத் தரும். இரண்டு பொருளைக் கலந்து இரு பணிகளைப் பங்கிட்டுக் கொடுத்த இவ்வறிவு எனக்கு 25 அடித் தக்காளியினும் பெரிதாகத் தோன்றுகிறது. மின்விசையில்லாத பள்ளியிலும் செய்யத்தக்க முறை இது.

நம் நாட்டில் இவ்வறிவு வேறொரு வழியில் வந்தது. மரங்களின் மேல் வளரும் ஆர்க்கிட் செடிகளைத் தொட்டியில் வளர்ப்போர் மண் இடுவதில்லை. உடைந்த செங்கல்லும் கரித்துண்டும் இடுவர். சீனத் தோட்டக்காரர்களிடமும் மலாய் வீடுகளிலும் இவ்வழக்கத்தை நாம் காண்கிறோம். நாள்தோறும் மழை பெய்யும் நாட்டில் ஈரம் தேடி வரும். காற்றைத்தான் தேடி வைக்க வேண்டும். ஹைட்ரோபோனிக்ஸ் என்னும் சொல்லைக் கேளாதவர்களும் இதை அறிந்திருந்தனர். ஆர்க்கிட் விதைக்கு மட்டும் வேறு படுக்கை தேவைப்பட்டது. தூசினும் நுண்ணிய அவ்விதையில் உணவில்லை. அமெரிக்கரான நூட்சன் 1922-இல் சர்க்கரையும் உப்பும் கலந்த அகர்க் கூழில் அதை முளைக்கச் செய்தார். சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராக இருந்த ஹோல்ட்டம் 1928 முதல் குடுவை முறையில் ஆர்க்கிட் கலப்பினங்களை வளர்க்கலானார். அகர் என்பது மலாய்ச்சொல். கடற்பாசியிலிருந்து எடுத்து நம் வீடுகளில் இனிப்புச் செய்யும் அதே பொருள் உலகத்து ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் படுக்கையாயிற்று.

வெர்மிகுலைட்டு, பெர்லைட்டு, மரத்தூள் முதலியவற்றைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. முதலிரண்டும் கனிமத்தைச் சூடாக்கிப் பொரித்தவை. நம் நெற்பொரி போல. விலை மிகுந்தவை. மரத்தூளை மேலைக் கனடாவில் பலர் பயன்படுத்தினர். அங்குக் கடலில் மிதக்கவிட்ட மரங்களை அறுத்த தூளில் உப்பேறியிருந்தது ஓர் இடர். மக்கும்போது மரத்தூள் செடிக்குரிய தழைச்சத்தையும் பறித்துக்கொள்ளும்.

ஐரோப்பாவில் இத்தொழிலை முற்றும் மாற்றியது கற்பஞ்சு. இதைக் கல்நார் என்று எழுதுவோர் உளர். கல்நார் என்பது நுரையீரலுக்குக் கேடு விளைக்கும் ஆஸ்பெஸ்டாஸ், இரண்டையும் மயக்கலாகாது. எரிமலைப் பாறையைச் சுண்ணாம்புக் கல்லோடு 1,500 பாகைக்கு மேல் உருக்கி, சர்க்கரைப் பஞ்சு மிட்டாய் சுற்றுவது போலச் சுழற்றி இழையாக்கினால் கற்பஞ்சு கிடைக்கும். கட்டடச் சுவர்களில் வெப்பம் தடுப்பதற்காக முதலில் செய்யப்பட்டது. 1969 அளவில் டென்மார்க்கில் பயிருக்குப் பயன்பட்டு, 1970-களில் நெதர்லாந்தின் கண்ணாடிக் கொட்டகைகளில் பரவிற்று. அங்கே ஆண்டுதோறும் ஒரே மண்ணில் தக்காளியும் வெள்ளரியும் பயிரிட்டு நோய் மலிந்தது. மண்ணைத் தூய்மை செய்ய இட்ட மெத்தில் புரோமைடு நச்சுப்புகை நீர்நிலைகளைக் கெடுத்ததால் 1980-களில் கட்டுப்பாடுகள் இறுகின. மண்ணை விட்டு நீங்க வேண்டிய நெருக்கடியில் கற்பஞ்சு கைகொடுத்தது. அதன் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெற்றிடம். நீரும் காற்றும் அவ்வெற்றிடத்தைப் பகிர்ந்துகொள்ளும். எடையில்லை, நோயில்லை, ஒவ்வொரு பலகையும் ஒரே தன்மையது. இதனினும் சிறந்த படுக்கை அமையுமா என்று தோன்றும். பயிர் முடிந்தபின்தான் குறை தெரியும். அது மக்காது, எரியாது. கொட்டுவதற்கு இடம் வேண்டும். பழம் பலகைகளைச் செங்கல் செய்யவும் மீண்டும் உருக்கவும் அங்கே ஆலைகளை நாட வேண்டியதாயிற்று.

படுக்கையை அறவே நீக்கவும் சிலர் முயன்றனர். இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் 1960-களின் நடுவில் தொடங்கிய முறையில், சரிவான கால்வாயில் காகிதம் போன்ற மெல்லிய நீர்ப்படலம் ஓடும். வேர்ப்பாயின் மேற்புறம் காற்றில் இருக்கும். சிங்கப்பூரில் பேராசிரியர் லீ சிங் கொங் 1990-களில் வேரைக் காற்றில் தொங்கவிட்டுக் குளிர்ந்த கரைசலைப் புகை போலத் தெளித்து, வெப்பநாட்டுத் தாழ்நிலத்தில் குளிர்நாட்டு லெட்யூசை வளர்த்துக் காட்டினார். தலைக்கு வெயில், காலுக்குக் குளிர். வியக்கத்தக்க செயலே. ஆயினும் பொறி நின்றால் இவற்றில் செடிக்கு ஒதுங்க இடமில்லை. நல்ல படுக்கையில் மின்விசை போய்ச் சில மணி நேரம் ஆனாலும் செடி பிழைக்கும். படுக்கை என்பது பாதுகாப்பும் ஆகும்.

இனி நம் கையிலுள்ள பொருளுக்கு வருவோம். தேங்காய் மட்டையை அடித்து நாரெடுத்தால் நாரினும் மிகுதியாகத் தூள் உதிரும். ஆங்கிலத்தில் நாருக்கு வழங்கும் கொயர் என்னும் சொல், கயிறு என்னும் நம் சொல்லோடு உறவுடைய மலையாளச் சொல்லின் திரிபு. மலாயில் மட்டையைச் சாபுட் என்பர். இத்தூளை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தோட்டக்காரர் சிறிது காலம் பயன்படுத்திக் கைவிட்டனர். அவர்களுக்குச் சதுப்புநிலக் கரிமண் மலிவாகக் கிடைத்தது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நார் ஆலைகளின் பக்கத்தில் தூள் குன்று குன்றாகக் கிடந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளரும் சதுப்புநிலத்தை வெட்டி எடுப்பது தகாது என்னும் குரல் ஐரோப்பாவில் எழுந்தபின், 1980-களின் இறுதியில் இலங்கைத் தூள் நெதர்லாந்து சென்றது. இன்று பொள்ளாச்சியில் அதை 5 கிலோ கட்டிகளாக அழுத்தி உலகெங்கும் அனுப்புகின்றனர். ஒரு கட்டி நீரில் ஊறினால் 70 லிட்டர் அளவுக்குப் பொங்கும்.

தன் எடையைப் போல் எட்டு மடங்கு நீரை ஏற்றும் இத்தூள் காற்றுக்கும் இடம் விடுகிறது. மரத்தூளைப் போல் விரைந்து மக்குவதில்லை. மலேசியாவில் மழைமறைப்பின் கீழ்ப் பைகளில் நார்த்தூள் நிரப்பிச் சொட்டுநீரோடு உரம் செலுத்தும் முறையில் மிளகாயும் முலாம்பழமும் விளைகின்றன. கேமரன் மலையில் ஸ்ட்ராபெரியும் அவ்வாறே. மண்ணில் பரவும் வாடல் நோயிலிருந்து தப்புவதே இம்முறையை நாடியோர் பலரின் நோக்கம். நகர்ப்புறத்துக்கு இடம் மாறிய நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் சிமெந்து முற்றம் தவிர வேறு நிலமில்லை. அங்கும் பத்துப் பைகளை வரிசையாக வைக்கலாம்.

ஆனால் நார்த்தூள் பூசிங்கோ நாடிய கொடாத படுக்கையன்று. தென்னை கடலோரத்தது. பாகான் டத்தோ போன்ற கரையோர ஊர்களை அறிந்தவர்க்கு இது தெரியும். மட்டையிலேயே சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருக்கும். உவர்நீரில் ஊறவைத்து நாரெடுத்தால் உப்பு மேலும் கூடும். இவ்வுப்பை நல்ல நீரில் பலமுறை அலசிப் போக்கலாம். தூளின் பரப்பில் ஒட்டிய சோடியமும் பொட்டாசியமும் அலசலுக்கு முழுதும் அசையா. செடிக்கு நாம் ஊட்டும் சுண்ணத்தைத் தூள் பிடித்துக்கொண்டு, மாற்றாக இவற்றை வெளிவிடும். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகும். ஆகவே கால்சியம் நைட்ரேட்டு கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, பின் அலசி எடுத்தல் நன்று. கடையில் மலிவாகக் கிடைக்கும் அலசாத தூளை வாங்கிப் பயிர் கருகியபின் உரத்தைக் குறை கூறுவது பள்ளித் தோட்டங்களில் நான் பலமுறை கண்ட காட்சி.

வாங்கும் தூள் தகுமா என்பதை வகுப்பிலேயே சோதிக்கலாம். அடியில் ஆணியால் நாலைந்து துளையிட்ட ஒரு லிட்டர் தகரக் குவளையைத் துளைகளை மெழுகால் அடைத்து, பொருளை நிரப்பி, மேல்மட்டம் வரையில் நீரை அளந்து ஊற்றுக. ஊற்றிய நீரின் அளவே அப்பொருளின் வெற்றிடம். மெழுகை நீக்கி வடிந்த நீரை அளந்தால் காற்று நிற்கும் இடம் எவ்வளவு என்று தெரியும், எஞ்சியது ஈரம். சரளை, ஆற்றுமணல், உமிக்கரி, நார்த்தூள் என நான்கு குவளைகளை அருகருகே வைத்துப் பிள்ளைகளை அளக்கச் சொன்னால், நான் மேலே விரித்த வரலாறு முழுவதும் அரைமணி நேரத்தில் அவர்கள் கண்முன் நடக்கும். நார்த்தூளை ஒருநாள் முன்னரே நனைத்துப் பிழிந்து வைத்துக்கொள்க; காய்ந்த தூள் முதலில் நீரை ஏற்காது மிதக்கும். பழைய தூள் நைந்து பொடியாகிவிட்டால் வடியும் நீர் குறையும். அப்போது படுக்கையை மாற்ற வேண்டும். மாற்றிய தூளை எங்கள் பள்ளியில் வாழைக்கு அடியில் கொட்டுகிறோம்.